நட்சத்திரம் நுழையாத கடைசி வீடு

1998 டிசம்பர் 23, புதன்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் அவிசாவளை பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் பதினெட்டு ரூபாய். நத்தாருக்கு ஊர் திரும்புகிறவர்களின் பைகளுக்கு நடுவில், கொச்சிக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்த நான், ஊர் இல்லாத திசையில் நத்தார் பார்க்கக் கிளம்பியிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்குக் கோயிலின் நத்தார் மலரில் பல வருஷமாக ‘நாட்டுக்கு நாடு நத்தார்’ என்று ஒரு பகுதி எழுதிவருகிறேன். பிலிப்பைன்ஸில் ஒன்பது விடியற்காலைப் பூசை, போலந்தில் எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக மேசையில் ஒரு காலித் தட்டு, மெக்சிகோவில் மாதாவும் சூசையப்பரும் இடம் தேடியதை நினைத்து வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிப் பாடுவது என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன் மாதிரி எழுதித் தள்ளியிருக்கிறேன். உண்மையில் நான் கடல் தாண்டியது ஒரே தடவை, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு. அதிலும் வழியெல்லாம் வாந்தி.

அதற்கு முந்தின வருஷ மலரைப் படித்துவிட்டுத் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சவரிமுத்து என்பவர் ஒரு தபாலட்டை போட்டிருந்தார். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. சாமியார் வராத ஞாயிறுகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் அவர்தான். ‘உலகமெல்லாம் எழுதுறீங்க, எங்க தோட்டத்துக் கிறிஸ்மஸையும் ஒரு தடவை வந்து பாருங்க’ என்று எழுதியிருந்தார். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த மனிதர்களை நான் படுத்தியது போதும்.

வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டினோம். “கொஹேத யன்னே?”, எங்கே போகிறாய், என்று கேட்ட பொலிஸ்காரரிடம், நத்தாருக்குப் போகிறேன் என்றேன். நத்தாருக்கு எல்லாரும் கொழும்புக்கு வருகிறார்கள், நீ மட்டும் மலைக்குப் போகிறாயே என்று சிரித்துவிட்டு விட்டார். அவிசாவளையில் பஸ் மாறித் தெரணியகலைக்கு வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். சுனில் என்று பெயர், இருபத்தைந்து வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் தடங்கலில்லாமல் வந்தது. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அப்ப ராவைக்கு நீங்களும் கரோலோட வருவீங்க என்ன, மாத்தயா? நம்ம வீடுதான் கடைசி வீடு. மதகுக்குப் பக்கத்துல. நாங்க பன்சலைக்குப் போற பௌத்த ஆக்கள், ஆனா நம்ம நோனா, நம்ம சம்சாரம், வேதக்காரங்க.”

“கட்டாயம் வருகிறேன்” என்றேன்.

“நம்ம அம்மா இன்னைக்குக் கிரிபத், அதான் பால்சோறு, ஆக்குறாங்க. பாடுற எல்லாருக்கும்.”

பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்த மைதானத்தில், வண்டியை நிறுத்திவிட்டார். சவரிமுத்து குடியிருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், இன்னும் மேலே தெரிந்தது. அதுவரை கொண்டுபோய் விடலாமே என்றேன். “மேல நான் வரல்ல மாத்தயா” என்று பையை இறக்கிக் கையில் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாடகைக்கு இவ்வளவுதான் தூரம் என்று நினைக்கிறார் போலும் என்று மனசுக்குள் அவரைக் கொஞ்சம் திட்டிக்கொண்டுதான் படி ஏறினேன்.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஒடிசலான ஆள், குரல் மட்டும் கனமாக இருந்தது. மனைவி ஜெபமாலை என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டுக்கிட்டா சார் கரோலுக்கு வரப் போறீங்க?” என்று கேட்டார். நகரத்துச் சப்பாத்து. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள் என்று ஒரு கட்டியை நீட்டினார். நான் பெரிய மனுஷத்தனமாக வேண்டாம் என்றேன்.

மாலை ஐந்து மணிக்குச் சிற்றாலயத்திலிருந்து கரோல் கிளம்பியது. பன்னிரண்டு பேர் இருப்போம். ஒரு டோலக், ஒரு கஞ்சிரா, ஒரு மவுத் ஆர்கன். மூங்கில் சட்டத்தில் டிஷ்யூத் தாள் ஒட்டி உள்ளே டோர்ச் பல்பு வைத்த பெரிய நட்சத்திரம். கிறிஸ்மஸ் தாத்தாவாகப் பஞ்சுத் தாடி கட்டியிருந்தவன் முருகேசு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிறவனும் அவனே. “ஆட்டம் ஒண்ணுதான் சார், தலையில இருக்கறதுதான் வேற” என்று தாடியைத் தூக்கிச் சொன்னான்.

தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் கரோல் எல்லா வீட்டுக்கும் போகிறது. இந்து வீட்டு வாசல்களில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். பாட்டு வாசலில் நிற்பதில்லை. நட்சத்திரத்தைச் சாய்த்து நிலைப்படிக்குள் கொண்டுபோய், உள்ளறையின் பின்சுவரில் ஒரு தடவை தொட வேண்டும். தொட்ட பிறகுதான் பாட்டு. முடிந்ததும் ஆளுக்கொரு இஞ்சித் தேத்தண்ணீர், உள்ளங்கையில் சீனி. ஒரு வீட்டில், பிறந்து நாற்பது நாளான குழந்தையை நட்சத்திரத்துக்கு அடியில் ஏந்திப் பிடித்தாள் ஒரு தாய். நெற்றியில் திருநீறு பூசிய குழந்தை. “நட்சத்திரம் உள்ள வந்துட்டுப் போனா அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு குறையும் வராது” என்றாள். உலக நத்தார் எல்லாம் எழுதிய எனக்கு இப்படியொன்று தெரியவே தெரியாது. கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது லயத்தின் நடுவில் திடீரென்று டோலக் நின்றது. நட்சத்திரத்தின் விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் தலை குனிந்து, மூடியிருந்த ஒரு கதவைச் சத்தமில்லாமல் கடந்து போனோம். அடுத்த வீடு வந்ததும் மறுபடி விளக்கு, மறுபடி டோலக்.

“இந்த வருஷம் இழவு விழுந்த வீடு சார்” என்றார் சவரிமுத்து. “அப்படி வீட்ட மட்டுந்தான் தாண்டிப் போவோம். மத்தபடி ஒரு வீட்டயும் விடக் கூடாது. விட்டா, அந்த வீட்ட செத்த வீடாக்கிட்டோம்னு அர்த்தம்.”

இதை அவர் வாயாலேயே சொன்னார். நானும் என் காதாலேயே கேட்டேன்.

ஏழரை மணிக்குக் கடைசி லயம் முடிந்தது. மழை வலுத்திருந்தது. என் சப்பாத்துக்குள் தண்ணீர். கெண்டைக்காலில் மூன்று அட்டை தொங்கியிருந்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. லயத்தின் முனையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே சவரிமுத்து வீட்டுக்கு, மற்றது கீழே ரோட்டுக்கு. கீழே, மதகுப் பக்கம், ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. வாசலில் பல்பு கட்டியிருந்தார்கள்.

சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். “சார் ரொம்பக் களைச்சுட்டீங்க. மொகமே வாடிப்போச்சு. இன்னம் ஒரே ஒரு வீடுதான் இருக்கு. ஒங்களுக்கு ஏலாதுன்னா திரும்பிருவோம்.”

அது சுனிலின் வீடு என்று எனக்குத் தெரியும். வருகிறேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: பன்சலைக்குப் போகிற வீடு, ஒரு கரோல் வராவிட்டால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? சுனிலின் மனைவி வேதக்காரி என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. எழுதவே கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

“முடியவில்லைதான். திரும்பிவிடலாம்” என்றேன்.

நட்சத்திரம் பிடித்திருந்தவர் கீழ்ப் பாதையில் ஒரு காலை வைத்தவர் வைத்தபடியே நின்றார். முருகேசு தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். “சாருக்கு ஏலாதாம். திரும்புங்க” என்று சவரிமுத்து சொல்லிவிட்டு முதல் ஆளாக மேலே நடந்தார். அதை எனக்குத் தந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். விருந்தாளியின் களைப்புக்காகக் கரோலையே நிறுத்தும் பண்பு எந்த நாட்டில் உண்டு என்று கட்டுரைக்கு ஒரு வரிகூட மனசில் தயார் செய்துகொண்டேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

டிசம்பர் 24, வியாழன். விழித்தபோது சவரிமுத்து சிற்றாலயத்தைக் கழுவப் போயிருந்தார். ஜெபமாலை அடுப்படியில் கொக்கிஸ் சுட்டுக்கொண்டிருந்தார். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் வைப்பார், பூ கழன்று விழும். நேற்றைய கரோலை வாயாரப் புகழ்ந்தேன். அவர் அச்சைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்தக் கடைசி வீடு எங்க மக வீடு சார்.”

மகள் பெயர் ரோஸ்லின். கொடகவெலவில் ஒரு கிறிஸ்தவப் பையனைப் பேசி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தும் ஆகிவிட்டது. வாசித்தவர் சவரிமுத்துதான். மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் அவள் தெரணியகலைக்குப் போய்ச் சுனிலோடு பதிவு செய்துகொண்டாள். அது நடந்தது மே மாதம். உபதேசியாரின் மகளே இப்படி என்று ஊர் பேசியது. அன்றிலிருந்து தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“சிங்கள ஆளுன்னு அவருக்குக் கோவம் இல்ல சார். மறச்சுட்டான்னுதான். இருந்தாலும் கரோலுக்கு மட்டும் போகணும்னு அல்லாரும் சொல்லியிருந்தாங்க. அவரும் சரின்னாரு. மாட்டேன்னா இவரு உபதேசியாரா இருக்க ஏலாதே. அங்க முக்கு வரைக்கும் போயி...” நிறுத்தினார். “ஒங்களச் சொல்லல சார். ஒங்களுக்கு என்ன தெரியும். அந்தப் புள்ள அஞ்சு மாசம் முழுகாம இருக்கு. இப்ப அது வீடு இழவு வீடாயிருச்சு.”

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நினைத்தேன். மகள் வீடு என்பது தெரியாதுதான். ஆனால் வாக்குக் கொடுத்தது தெரியும், தாண்டிப் போனால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். சாதாரணமாக யாருக்கும் செய்யக்கூடாத ஒன்றை, பௌத்த வீடுதானே என்று செய்திருக்கிறேன். உபதேசியாருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. நான் கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்து அதைக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

சிற்றாலயத்துக்குப் போனேன். சவரிமுத்து வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார். “உங்கள் மகள் வீடு என்று ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“சொல்லியிருந்தா களைப்புப் போயிருக்குமா சார்?” என்றார். பிறகு தும்புத்தடியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணிக்கு நானாகக் கீழே இறங்கினேன். முக்கால் மைல்கூட இருக்காது. புறப்படும்போது ஜெபமாலை ஒன்றும் கேட்காமல், வாழையிலையில் கட்டிய கொக்கிஸ் பொட்டலத்தை என் பைக்குள் வைத்தார்.

சுனில் வாடகைக்குப் போயிருந்தார். வாசலில் சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. மழைச் சாரலில் பாதி அழிந்திருந்தது. உள்ளறையில், நட்சத்திரம் வந்து தொடுவதற்காகப் பின்சுவரிலிருந்த அலமாரியை நகர்த்திச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். சுனிலின் தாயார் ஒரு பெரிய தட்டுக் கிரிபத்தை மதகடி நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பாலும் அரிசியுமாக ஆக்கி, துண்டு துண்டாக வெட்டி வைத்த சோறு. பன்னிரண்டு பேருக்கு ஆக்கியது.

ரோஸ்லின் வெளியே வந்தாள். தகப்பனின் அதே ஒடிசல் உடம்பு, கண்கள் வீங்கியிருந்தன.

“நீங்கதானா கொழும்புல இருந்து வந்த சார்? கால் இப்ப சொகமா? காலைல முருகேசு அண்ணன் வந்து சொல்லிட்டுப் போச்சு, சாருக்கு நடக்க ஏலாமப் போயிருச்சுன்னு.”

அவள் கேட்டது என் காலைப் பற்றி! ஒரு சொல்லாவது கடிந்து பேசுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“அப்பா வரத்தான இருந்தாரு சார்? ஒங்களுக்கு ஏலாமப் போனதுனாலதான திரும்பிட்டாங்க? வேற ஒண்ணும் இல்லையே?”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நிலைக்கட்டையைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. மாமியார் தட்டோடு வந்து பின்னால் நின்றுவிட்டார். பக்கத்துத் தோட்டப் பாதையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன இரண்டு பெண்களும் கூடைகளோடு நின்றார்கள். எல்லாருக்கும் பதில் வேண்டியிருந்தது.

“ஆமாம்மா” என்றேன். “இன்னும் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது என்று உங்கள் அப்பாதான் சொன்னார். நான்தான் முடியாது, திரும்பிவிடலாம் என்றேன்.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படியிருந்தும் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

ரோஸ்லினுடைய முகம் அப்படியே மாறியது. பாதையில் நின்ற பெண்களைப் பார்த்து, “கேட்டீங்களாக்கா? இவருனாலதான்! நேத்து என்னென்னமோ சொன்னீங்களே!” என்று சத்தம் போட்டாள். அவர்களில் மூத்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எறக்கத்துல நடக்க ஏலாத ஆளு எதுக்குங்க கரோலுக்கு வரணும்?” என்றாள். மாமியார் ‘மொகத உனே?’, என்ன நடந்தது, என்று ரோஸ்லினைக் கேட்க, நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “மட்ட மஹன்சி உனா அம்மே, மகே வெரத்த” என்றேன். களைத்துவிட்டேன், என் தப்பு. அவர் நீளமாகத் திட்டினார். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. திட்டி முடித்து, மிச்சமிருந்த கிரிபத்தில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். நின்றபடியே சாப்பிட்டேன். ஆறிப்போய்க் கெட்டியாக இருந்தது.

கொக்கிஸ் பொட்டலத்தைக் கொடுத்தபோது ரோஸ்லின் அதைப் பிரிக்கவில்லை. இலையை முகர்ந்து பார்த்து, “அம்மா சுட்டது” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவுப் பூசைக்கு அவிசாவளையிலிருந்து சாமியார் வந்தார். பூசை நன்றாக நடந்தது. ரோஸ்லின் வரவில்லை. என் மனசு பாட்டில் இல்லை. எங்கள் தெருக் கரோலை நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வான் பிடித்து, முன்கூட்டியே பெயர் கொடுத்த வீடுகளுக்குத்தான் போவோம். எங்கே நல்ல சாப்பாடு கிடைக்குமோ அங்கே இரண்டு பாட்டு கூடுதல். நடுவில் எத்தனை வீடுகளைத் தாண்டிப் போகிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வீடுகளும் எங்களை எதிர்பார்த்ததில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது இன்னும் கேவலமாகப்பட்டது.

டிசம்பர் 25, வெள்ளி. அதிகாலையில் புறப்பட்டேன். தோட்டத்து பஸ் ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். சவரிமுத்து என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். பஸ் வர நேரமாயிற்று.

“நேத்துக் கீழ போயிருந்தீங்களாமே” என்றார் கடைசியில்.

“போயிருந்தேன்.”

“என்னா கேட்டுச்சு அந்தப் புள்ள?”

“நீங்களாகத் திரும்பினீர்களா, என்னாலா என்று உங்கள் மகள் கேட்டார். என்னால்தான் என்று சொல்லிவிட்டேன்.”

அவர் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “நம்பிருச்சா?”

“நம்பினார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள்.”

சவரிமுத்து முகத்தை ரப்பர் மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்டது. பையை என்னிடம் கொடுக்கும்போதுதான் சொன்னார்:

“வருஷா வருஷம் ஒங்கள கூப்புட ஏலாதே சார்.”

சிரிக்கச் சொன்னதா, அழச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. கொழும்பு வந்து சேரும்வரை அவர் முகத்தை மனசில் கொண்டுவந்து பார்த்தபடியே இருந்தேன். இந்த வருஷ மலரில் மெக்சிகோ இல்லை, போலந்து இல்லை, இந்தத் தோட்டம்தான். சவரிமுத்துவுக்கு ஒரு பிரதி அனுப்புவதா வேண்டாமா என்றுதான் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. அனுப்பினால் ரோஸ்லினும் படிப்பாள்.